ஐந்து மணிக்குள் தரை காயவேண்டும்

மாரிட் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பியதோடு போன வாரம் நின்றோம். "சாத்தினாளா, அறைந்தாளா?" என்று வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். வெஸ்ட்பி ஊரில் யாரும் கதவை அறைவதில்லை, அம்மா. கோபம் எவ்வளவு என்பதை, கதவை எவ்வளவு மெதுவாகச் சாத்துகிறார்கள் என்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். மாரிட் மிக மிக மெதுவாகச் சாத்தினாள்.

புதிதாக வந்தவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வெர்லின் டோலெஃப்ஸனுக்கு எழுபத்தாறு வயது. அவர் மனைவி ஆர்டிஸுக்கு எழுபத்து நாலு. மூன்று வருடங்களாக ஆர்டிஸின் ஞாபகம் கரைந்துகொண்டே வருகிறது. ஒரே மகள் மாரிட் முக்கால் மணி நேரத் தூரத்தில் லா கிராஸில் இருக்கிறாள், பல் டாக்டர் ஒருவரிடம் வேலை. பதினோரு நாளைக்கு முன்னால், சர்ச் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, சமையலறைத் தண்ணீரில் வழுக்கி விழுந்து ஆர்டிஸுக்கு இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

மேப்பிள் குன்று என்று ஓர் இல்லம். ஞாபகம் போனவர்களுக்கானது. அங்கே ஓர் அறை காலியாகியிருக்கிறது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவர்கள் ஃபோன் செய்வார்கள். வேண்டுமா, வேண்டாமா என்று அப்போது சொல்லிவிடவேண்டும்.

"அவ விழல. சிங்க் ஒழுகுச்சு, அதுல வழுக்கிடுச்சு. யாரா இருந்தாலும் விழுந்திருப்பாங்க" என்பது வெர்லினின் கட்சி.

"சரிப்பா. வியாழக்கிழமை நாலு மணிக்கு வர்றேன்" என்றிருந்தாள் மாரிட். "தரை காஞ்சிருந்தா நானே அவங்ககிட்ட வேணாம்னு சொல்லிடறேன். ஈரமா இருந்தா..."

மீதியை அவள் சொல்லவில்லை. கதவைத்தான் சாத்தினாள்.

அந்த வியாழக்கிழமை இன்றுதான்.

*

காலையில் எழுந்ததும் வெர்லின் செய்த முதல் வேலை, ஃப்ரிட்ஜில் மாட்டியிருந்த சர்ச் காலண்டரைத் திருப்பியது. ஏப்ரல் என்று காட்டியது. கன்றுக்குட்டி படம் போட்ட பக்கம். அதைப் புரட்டி மார்ச்சுக்குக் கொண்டுவந்தார். இந்த மாதம் முழுக்க, தினமும் காலையில் இதே வேலைதான்.

"மறுபடியும் ஏப்ரலா?" என்றார்.

"தேதி பாத்தேன்" என்றாள் ஆர்டிஸ்.

"மார்ச்சு இன்னும் முடியலம்மா. இன்னைக்குப் பத்தொம்போதுதான்."

"முடியாமயா போயிடும்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. இப்படி ஏதாவது சொல்லிவிடுவாள். அந்த நிமிடம் எல்லாம் சரியாகிவிட்டது போலிருக்கும். அடுத்த நிமிடம், "நீங்க இந்த வீட்டுல எவ்வளவு நாளா வேல பாக்கறீங்க?" என்று மரியாதையாகக் கேட்பாள்.

ஆர்டிஸுக்கு இப்போது யார் உதவியும் இல்லாமல் செய்ய வருவது ஒன்றே ஒன்றுதான். பாத்திரம் கழுவுவது. சட்டைப் பித்தான் போட வராது. காபி போட வராது. ஆனால் சிங்க்கின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் கைகள் தாமாக வேலை செய்யும். இடது குழாயைத் திறப்பாள், சூடு பார்ப்பாள், வலதைக் கொஞ்சம் திறப்பாள். சோப்புப் போட்டுத் தேய்த்து முடித்ததும், சிங்க்கின் வலது ஓரத்தில் நிற்கும் ஸ்ப்ரேயரின் கறுப்புத் தலையை ஹோஸோடு உருவி எடுப்பாள். அதன் பிடியை அமுக்கினால் குழாய்க்குப் போகும் தண்ணீர் திரும்பி இதன் வழியாகப் பீச்சி அடிக்கும். அலசி முடித்து, தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அடுக்கில் சாய்ப்பாள். நாற்பத்தைந்து வருடப் பழக்கம்.

இப்போது இடது கையில் மாவுக்கட்டு. அது நனையாமல் இருக்க வெர்லின் தினமும் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையை அதன்மேல் உறைபோல மாட்டிவிடுவார். பை நழுவாமல் இருக்க ஒரு ரப்பர் பேண்ட். அதற்கு அந்த வீட்டில் பஞ்சமே இல்லை. ப்ரோக்கோலிக் கட்டோடு தடித்த நீல ரப்பர் பேண்ட் வருமே, அதை ஆர்டிஸ் ஒருநாளும் எறிந்ததில்லை. நிலவறைக்குப் போகும் கதவின் குமிழில் மாட்டிவைப்பாள். குமிழே தெரியாத அளவுக்குச் சேர்ந்திருக்கிறது. பதினோரு நாளைக்கு முன்னால், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து சமையலறைத் தரையைத் துடைத்தபோதுகூட, ஈரத்தில் கிடந்த ஒன்றை எடுத்து உதறி, வெர்லின் அந்தக் குமிழில்தான் மாட்டினார்.

"இன்னைக்குப் பாத்திரம் கொஞ்சம் இருக்கட்டும். தண்ணிய நிறுத்தப் போறேன்" என்றார்.

"ஏன்?"

"ஸ்ப்ரேயர் ஒழுகுது. சரி பண்ணணும்."

"நீயா?" என்று கேட்டாள் ஆர்டிஸ், கொஞ்சம் கவலையாக. அவர் கைவேலை எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது மட்டும் அவள் ஞாபகத்தில் இன்னும் மிச்சமிருந்தது.

*

சிங்க்குக்கு அடியில் இருக்கும் தண்ணீரை நிறுத்தும் திருகுகள் இரண்டும் இறுகிப் போயிருந்தன. எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, கந்தலைச் சுற்றித் திருகியதில் ஒரு மணி நேரம் போயிற்று. கறுப்புத் தலையை ஹோஸிலிருந்து கழற்றினார். உள்ளே இருந்த வாஷர் கல்லாகியிருந்தது. ஹோஸிலும் கழுத்தோரம் வெடிப்பு.

"பாத்தியா!" என்று உரக்கச் சொன்னார். குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் குரலில் இருந்தது. "இதுதான். இதேதான்."

கதவைப் பூட்டிக்கொண்டு போகலாம் என்றால், ஆர்டிஸைத் தனியே விட முடியாது. கோட்டுப் போட்டுவிட்டு, காலணி மாட்டிவிட்டு, அழைத்துக்கொண்டு டுவேனின் ஹார்ட்வேர் கடைக்குப் போனார்.

"குளிர் விட்ட மாதிரி இருக்கு" என்றான் டுவேன்.

"விட்ட மாதிரிதான் காட்டும்" என்றார் வெர்லின்.

"காபி?"

"வேணாம்."

"சூடா இருக்கு."

"உனக்கு எதுக்குச் சிரமம்."

"போட்டாச்சுப்பா."

"அப்ப அரை கப்."

மூன்றாம் முறை கேட்டபிறகுதான் வாங்கவேண்டும். முதல் முறையே வாங்கிவிட்டால் அலைகிறான் என்று பெயர் வந்துவிடும். இந்த ஊரில் நானும் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டேன். இதனால் எத்தனை காபியை இழந்திருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும்.

"உங்கம்மா எப்படி இருக்காங்க டுவேன்?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

டுவேனின் அம்மா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவர் அடக்கத்துக்கு வந்த நூறு பேருக்கும் சர்ச் நிலவறையில் சாப்பாடு போட்டபோது பாத்திரம் கழுவியவள் ஆர்டிஸ்தான்.

"நல்லா இருக்காங்க ஆர்டிஸ். உங்கள விசாரிச்சாங்க" என்றான் டுவேன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, வெர்லின் கொண்டுவந்திருந்த பழைய வாஷரை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். அந்த ஒரு பொய்க்காகவே அவனை எனக்குப் பிடிக்கும்.

"இந்தப் பழச எல்லாம் பிடுங்கிப் போட்டுட்டுப் புதுசு வெச்சிடேன் வெர்ல். ஒத்தக் கைப்பிடிதான். குழாய் மூக்கையே அப்படியே இழுத்துப் பீச்சிக்கலாம். ஓரத்துல தனியா ஒண்ணு நிக்க வேண்டிய அவசியமே இல்ல" என்றான் வெர்லினிடம்.

"வேணாம்."

"பாக்கவாவது செய்யேன்."

"டுவேன், அவளுக்கு இடது சுடுதண்ணி, வலது பச்சத்தண்ணி, ஓரத்துல கறுப்புத் தல. அவ கைக்கு இப்ப தெரிஞ்சது அது ஒண்ணுதான். நான் அத மாத்தினா அந்தக் கை தேடும்பா. தேடிக்கிட்டே நிக்கும்."

டுவேன் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வாஷர் இரண்டும், புது ஹோஸ் ஒன்றும் எடுத்து வந்தான். தலை பழையதே இருக்கட்டும் என்றார் வெர்லின். பிறகு அவன் பழைய வாஷரை இன்னொரு முறை விரலில் உருட்டிப் பார்த்தான்.

"இது ஒழுகியிருக்கும். சந்தேகமில்ல. ஆனா சொட்டுச் சொட்டாத்தான் ஒழுகும் வெர்ல். ஒரு ஆள் வழுக்கி விழற அளவுக்கு..."

"ராத்திரி முழுக்க ஒழுகியிருக்கும்" என்றார் வெர்லின் அவசரமாக.

"இருக்கும் இருக்கும்" என்றான் டுவேன், இந்த ஊர்க்காரனாக இருந்ததால்.

*

எழுபத்தாறு வயதில் சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். விலாவில் பலகை விளிம்பு குத்தும். ஹோஸை முடுக்கும் இடத்துக்கு இரண்டு விரல்தான் போகும். தோள் ஏற்கெனவே சரியில்லை. டார்ச்சைப் பிடிக்கும் வேலையை ஆர்டிஸுக்குக் கொடுத்திருந்தார். அவள் வெளிச்சத்தை முடுக்கும் இடத்தில் அடிக்காமல் அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கற?"

"உன் மூக்கு. பெருசாயிடுச்சு."

"எனக்கு வயசாயிடுச்சும்மா."

"எனக்கு?"

"உனக்கு ஆகல" என்றார். மரை அந்த நேரத்தில்தான் இறுகிப் பிடித்தது.

தண்ணீரைத் திறந்து, கறுப்புத் தலையை அமுக்கிப் பார்த்தார். நன்றாகப் பீச்சியது. விட்டார். நின்றது. அடியில் செய்தித்தாளை விரித்துவைத்துவிட்டு, நாற்காலியைப் போட்டு முக்கால் மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டு விழவில்லை. செய்தித்தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கும் ஒரு புள்ளி ஈரமில்லை.

வெர்லின் சந்தோஷப்பட்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவருக்கு நெஞ்சு நிறைந்த சந்தோஷம். ஒரு வாஷர். விரல் நகம் அளவு. அதுதான் ஆர்டிஸைக் கீழே தள்ளியது, அது இப்போது குப்பையில் கிடக்கிறது. இனி யாரும் அவளை எங்கும் கொண்டுபோக முடியாது.

ரொட்டிப் பையை மாட்டி, நீல ரப்பர் பேண்டைப் போட்டு, "இப்ப கழுவு" என்றார்.

ஆர்டிஸ் விழுந்த செய்தி கேட்டு சர்ச் பெண்கள் கொண்டுவந்து குவித்த பாத்திரங்கள் ஏழு இருந்தன. நூடுல்ஸும் கோழியும் போட்டு வேகவைத்தது, உருளைக்கிழங்கு மேலே அடுக்கியது, இப்படி. ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டுக் காகிதத்தில் பெயர் எழுதியிருக்கும், கழுவித் திருப்பிக் கொடுக்க. ஆர்டிஸ் ஒவ்வொன்றையும் கழுவி, பெயர் எழுதிய இடம் நனையாமல் திருப்பி வைத்தாள். யார் பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் காகிதம் நனையக்கூடாது என்பது தெரிந்திருந்தது.

தரையில் ஒரு சொட்டு விழவில்லை.

மூன்றரை மணிக்கு அவளை மேஜையருகே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வெர்லின் மாடிக்குப் போனார். எண்ணெய்க் கறை படிந்த சட்டையை மாற்றி, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு இறங்கினார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஆர்டிஸ் அதே நாற்காலியில், மடியில் கை வைத்து, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தாள்.

*

நாலு மணிக்கு மாரிட் வந்தாள். வாசலில் சேறு. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். இன்றைக்கென்று வெள்ளைச் சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் சமையலறையை ஒரு சுற்று நடந்தாள். சிங்க்கின் முன்னால் நின்று, ஒரு காலைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தாள். மறு காலையும் பார்த்தாள்.

"காஞ்சிருக்கு" என்றாள்.

"நான்தான் சொன்னேனே."

"உக்காருங்கப்பா. மூச்சு வாங்குது உங்களுக்கு."

ஃப்ளாஸ்கிலிருந்து காபி ஊற்றினார்கள். வெல்லப்பாகு போட்ட ஓட்ஸ் துண்டுகளை மாரிட் கொண்டுவந்திருந்தாள். ஆர்டிஸ் ஒன்றை எடுத்து, மகளைக் கனிவாகப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு லவோன். உன் வீட்டுக்காரர் வரலியா?"

லவோன் ஆர்டிஸின் தங்கை. செத்துப்போய் வெகுகாலம் ஆயிற்று. இரண்டு வருடங்களாக மாரிட் இந்த வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் லவோனாகத்தான் நுழைகிறாள்.

"அவருக்கு வேலை இருக்கு" என்றாள் மாரிட். ஓட்ஸ் துண்டைத் தட்டில் திரும்ப வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு அப்பாவிடம் பேசினாள். "அம்மாவ அனுப்பணும்னு எனக்கு ஆசைன்னு நினைக்கிறீங்கல்ல?"

"நான் அப்படிச் சொல்லல."

"நீங்க எதத்தான் சொல்லியிருக்கீங்க? ஃபோன் அடிச்சா எனக்கு அது ஒண்ணுதான் தோணுதுப்பா. யாரு விழுந்தாங்கன்னு. அம்மாவா, நீங்களான்னு. வேலை செய்யற இடத்துல ஃபோன பாக்காம இருக்க முடியல. ஒருத்தர் வாயத் திறந்து வெச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு, நான் ஃபோனப் பாத்துக்கிட்டு நிக்கறேன்."

வெர்லின் அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினார்.

"ஆனா சொன்ன சொல் சொல்தான்" என்றாள் மாரிட். "தரை காஞ்சிருக்கு. வேணாம்னு சொல்லிடறேன்."

அவள் முகத்தில் தோற்ற வருத்தம் இல்லை. ஒரு பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. மணி நாலே முக்கால். கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்து, அலசுவதற்காகச் சிங்க்கின் முன்னால் போய் நின்று, குழாயைத் திறந்தாள்.

ஓரத்திலிருந்து தண்ணீர் சீறி வந்து அவள் நெஞ்சில் அடித்தது. கத்திக்கொண்டு திரும்பினாள், முதுகில் அடித்தது. கழுத்து, தலை, அலமாரி, தரை எல்லாம் நனைந்தது. வெர்லின் பாய்ந்து போய்க் குழாயை மூடினார். தரையெல்லாம் குளம். மாரிட்டின் வெள்ளைச் சாக்ஸ் அதில் ஊறிக்கொண்டிருந்தது.

போச்சு. ஹோஸ் விட்டுவிட்டது. அவ்வளவுதான் அவரால் நினைக்க முடிந்தது. தோள் நோகத் திருகியதெல்லாம் வீண்.

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆர்டிஸ் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து அந்த வீடு கேட்டு எவ்வளவோ நாள் ஆயிற்று.

"ஏப்ரல் ஃபூல்!" என்றாள். "மாட்டினியா மிட்ஸி!"

மாரிட் அப்படியே நின்றாள். நெற்றியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"என்னம்மா சொன்ன?"

"வருஷா வருஷம் மாட்டிக்கற நீ. உங்கப்பாவாவது ஒரு தடவ தப்பிச்சாரு. உனக்குப் புத்தியே வராதா மிட்ஸி?"

மிட்ஸி என்பது மாரிட்டை அவள் அம்மா சின்ன வயதில் கூப்பிட்ட பெயர். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மாரிட் ஈரத்திலேயே மண்டியிட்டு, அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று கேட்காதீர்கள், இரண்டும்தான். ஆர்டிஸ் மகளின் ஈரத் தலையைத் தடவிக்கொடுத்து, "துண்டு எடுத்துட்டு வா, சளி பிடிக்கும்" என்றாள்.

*

வெர்லின் சிங்க்கின் ஓரத்தைப் பார்த்தார்.

கறுப்புத் தலையின் பிடியை அமுக்கி, அதன்மேல் இரண்டு சுற்றாக நீல ரப்பர் பேண்ட் இறுகக் கிடந்தது. மேஜைக்கடியில் ரொட்டிப் பை கழன்று விழுந்திருந்தது. மத்தியானம் அவர் தன் கையாலேயே அந்தப் பைமேல் மாட்டிவிட்ட ரப்பர் பேண்ட்.

இந்த ஊரில் ஏப்ரல் முதல் தேதி காலையில் யாரும் சிங்க்குக்கு நேராக நின்று குழாயைத் திறக்கமாட்டார்கள். எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் முந்தின ராத்திரியே ஸ்ப்ரேயரின் பிடியை அமுக்கிக் கட்டி வைத்திருப்பார்கள். டோலெஃப்ஸன் வீட்டில் அது ஆர்டிஸின் உரிமை. வருடம் தவறியதில்லை. வியாதி வந்த பிறகு மூன்று ஏப்ரல்கள் சத்தமில்லாமல் போயின. போனது போனதுதான் என்று வெர்லின் நினைத்திருந்தார்.

ஃப்ரிட்ஜைப் பார்த்தார். காலண்டரில் கன்றுக்குட்டி இருந்தது. அவர் மாடிக்குப் போன பத்து நிமிடத்தில் மறுபடி ஏப்ரலாகியிருந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு ஈரத்தில் கிடந்த ரப்பர் பேண்ட். சொட்டுச் சொட்டாத்தான் ஒழுகும் என்று டுவேன் ஆரம்பித்து நிறுத்திய பேச்சு. வாஷர் ஒழுகியது உண்மைதான். ஆனால் ஆர்டிஸைக் கீழே தள்ளியது வாஷர் இல்லை.

"அப்பா! கேட்டீங்களா?" மாரிட் எழுந்து நின்றாள். முகம் சின்னப் பெண்போல ஆகியிருந்தது. "அம்மா என்னை மிட்ஸின்னு கூப்பிட்டாங்க. ஃபோன் வரட்டும், நானே பேசறேன். வேணாம், வேணவே வேணாம்னு சொல்றேன்."

ரப்பர் பேண்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். பதினோரு நாளாக அவர் கேட்டது இதுதானே? மகளே இப்போது விட்டுக்கொடுக்கிறாள். நானாக இருந்தால் பையில் போட்டிருப்பேன், உங்களிடம் மறைப்பானேன்.

வெர்லின் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அன்னைக்கும் இதுதான் மாரிட்."

"எது?"

"அன்னைக்கும் ஒண்ணு தெறிச்சுத் தரைல கிடந்துச்சு. நான்தான் எடுத்துக் குமிழ்ல மாட்டினேன். யோசிக்கல. வாஷர் இல்லம்மா. அவதான் கட்டியிருக்கா."

மாரிட்டின் முகத்திலிருந்த அந்தச் சின்னப் பெண் போய்விட்டாள்.

"சரி, கட்டியிருக்காங்க. விளையாட்டுத்தானேப்பா? இத்தன வருஷமா பண்ணதுதானே?"

"விளையாட்டுதான். கட்டினதும் அவ. கட்டினத மறந்துட்டுக் குழாயத் திறந்ததும் அவ."

"இந்த ரப்பர் பேண்ட எல்லாம் தூக்கி எறிஞ்சிடலாம். இப்பவே எறிஞ்சிடறேன்."

"எறியலாம். நாளைக்கு அவளுக்கு அடுப்பு ஞாபகம் வரும். நான் பத்து நிமிஷம் மாடில இருந்தேன் மாரிட். பத்தே நிமிஷம்."

"தெரியாத மாதிரி இருந்துடலாம்பா. ப்ளீஸ். இன்னைக்குத்தான் என்னைத் தெரிஞ்சுது அவங்களுக்கு."

பதினோரு நாளாக வேண்டாம் என்றவர் அவர், வேண்டும் என்றவள் இவள். வெர்லின் மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

"உன்னைத் தெரிஞ்சவதான் கட்டினா. அது எனக்கும் தெரியும்மா. ஆனா இத மறைக்க முடியாது."

சுவரில் ஃபோன் அடித்தது. மணி சரியாக ஐந்து.

மாரிட் நகரவில்லை. மூன்றாவது மணி அடித்தபோது வெர்லின் எழுந்து, ஈரத்தில் பார்த்துக் கால் வைத்து நடந்துபோய் எடுத்தார்.

"வெர்லின் டோலெஃப்ஸன் பேசறேன். ஆர்டிஸோட வீட்டுக்காரர்."

மறுபுறம் ஒரு பெண் குரல், அறையைப் பற்றி என்ன முடிவு செய்திருக்கிறீர்கள் என்று பதமாகக் கேட்டது.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். உங்க இடத்துல சமையல்கட்டுக்குள்ள அவள விடுவீங்களா?"

"எதுக்குங்க?"

"பாத்திரம் கழுவ."

"எங்க ஆளுங்களே எல்லாம் கழுவிடுவாங்க. அவங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"இல்லம்மா. அவ கழுவணும்." வெர்லின் ஃபோனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார். "இடது பக்கம் சுடுதண்ணி, வலது பக்கம் பச்சத்தண்ணி. ஓரத்துல கறுப்பா, கைல உருவி எடுக்கற ஸ்ப்ரேயர் ஒண்ணு. அப்படி ஒரு சிங்க் இருக்கா அங்க? இல்லன்னா நானே வந்து மாட்டித் தர்றேன். சாமான் எல்லாம் இருக்கு."

மறுபுறம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"இருங்க. நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றது அந்தக் குரல். ஃபோனைக் கீழே வைக்கும் ஓசையும், யாரோ நீளமான தாழ்வாரத்தில் நடந்து போகும் ஓசையும் கேட்டன.

வெர்லின் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். மாரிட் குனிந்து துண்டால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆர்டிஸ் மேஜையிலிருந்த நீல ரப்பர் பேண்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவின் குமிழில் மாட்டினாள்.

"யாரு ஃபோன்ல?" என்று கேட்டாள்.

"வேண்டியவங்கதான்."

"காபிக்கு வரச் சொல்லு" என்றாள் ஆர்டிஸ். "பாத்திரத்த நான் கழுவிக்கறேன்."